ரீல் மோட்டாரில் கட்டிய மவுஸ்

ஓடிக்கொண்டிருக்கிற ஸ்கூட்டரை யாராவது தள்ளிக்கொண்டு போவார்களா? அந்தம்மா போனார். வீரபாண்டியில், துணிக்குச் சாயம் போடுகிற எங்கள் டையிங்குக்குத் திரும்புகிற மண்ரோட்டில், வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், என்ஜின் படபடவென்று அடித்துக்கொண்டிருக்க, ஹேண்டிலைப் பிடித்தபடி வண்டிக்குப் பக்கத்தில் நடந்து வந்துகொண்டிருந்தார். புடவை முந்தானையை இடுப்பில் செருகியிருந்தார். நான் பைக்கை நிறுத்தினேன்.

"வண்டி ஓடுதுங்களேம்மா, ஏறி வாங்க."

"வார வழில நின்னு போச்சு அண்ணாச்சி. உதைச்சு உதைச்சுப் பாத்தேன், வரல. சும்மா கொஞ்ச நேரம் நின்னுட்டு உதைச்சா வந்துட்டு."

"அதான் வந்துருச்சுங்கள்ல?"

"ஏன் நின்னுச்சுன்னு தெரியல. ஏன் வந்துச்சுன்னும் தெரியல. பின்ன எப்பிடி ஏறுதது?"

மெக்கானிக் கடை வரைக்கும் அப்படியே நடந்தார். அங்கே பெட்ரோல் டியூபைப் பிடுங்கி ஊதியபோது பனியன் தூசி ஒரு சின்ன உருண்டையாக வந்து விழுந்தது. அதைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் ஏறி உட்கார்ந்தார். வழியெல்லாம் ஜனம் சிரித்தது. அவருக்கு அதெல்லாம் காதில் ஏறவே ஏறாது.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் வக்கீலம்மா. கோர்ட்டுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. குறுக்கு விசாரணை செய்கிற குணத்துக்காக வந்த பெயர். செய்த வேலை வேறு. சாய மெஷின்களைக் கம்ப்யூட்டரால் ஓட்டுகிற ஏற்பாடு திருப்பூரில் பரவிக்கொண்டிருந்த காலம் அது. மெஷினில் இருந்து வருகிற சூடு, அழுத்தம் எல்லாம் ஒரு கார்டு வழியாகக் கம்ப்யூட்டருக்குள் போகும். அந்தக் கார்டையும் கம்ப்யூட்டரையும் பேசவைக்கிற புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயர். அதை எழுதுகிறவர்கள் கோயமுத்தூரில் கிடைப்பார்கள், போன் எடுக்க மாட்டார்கள். இவர் நல்லூரில், மாடியில் தையல் மெஷின்கள் ஓடுகிற ஒரு வீட்டின் கீழ்ப் போர்ஷனில் இருந்தார். கூப்பிட்டால் வருவார். கூப்பிடாவிட்டாலும் வருவார், அதுதான் தொல்லை.

தெற்கத்திக் கிறிஸ்தவக் குடும்பம். பனியன் வேலைக்கு வந்த அப்பா அம்மாவுக்கு இங்கேயே வளர்ந்த பெண். ஆனாலும் பேச்சில் தாமிரபரணித் தண்ணீர் வற்றவில்லை. எங்கள் ஊரில் நாயை விரட்டுவதென்றாலும் "போங்க"தான் போடுவோம். அவர் பேசினால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அவர் அடிக்கடி சொல்கிற ஒரு வாசகம் உண்டு. "தானா சரியானது தானாக் கெட்டுரும் அண்ணாச்சி." யுபிஎஸ்ஸை ஒரு தட்டுத் தட்டினால் லைட் எரிகிறது என்று சொன்னால் போதும், அதைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். சாயத்துக்குப் போட்ட துணி லோடு நிற்கும், நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். நான் அங்கே சூப்பர்வைசர். லோடு நின்றால் முதலாளி என்னைத்தான் கேட்பார்.

இந்தக் குணம் மெஷினோடு நின்றிருந்தால் யாருக்கும் ஒன்றுமில்லை. அவர் வீட்டுக்காரர் ஒருமுறை சண்டையும் இல்லாமல் சச்சரவும் இல்லாமல் வீட்டை விட்டுப் போனார். வெள்ளகோவில் பக்கம் எங்கேயோ இருப்பதாகச் சொன்னார்கள். சில மாதம் கழித்து, போன மாதிரியே பையோடு வந்து வாசலில் நின்றார். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். அந்தம்மா நாற்காலி போட்டு உட்காரவைத்து, காப்பி கொடுத்து, "ஏன் போனீய?" என்று கேட்டிருக்கிறார். அந்த மனிதருக்குச் சொல்லத் தெரியவில்லை. "சரி, ஏன் வந்தீய?" அதற்கும் தெரியவில்லை. "தெரிஞ்சதும் வாங்க" என்று பையை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். இதை அவரே என்னிடம் சொன்னார், பேக்கரியில் டீ குடித்துக்கொண்டே, மின்சாரம் போய் வந்த கதை மாதிரி. என் மனைவியிடம் சொன்னபோது, "அது பொம்பளையா, போலீஸா?" என்றாள்.  அந்த மனிதர் திரும்பி வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் நான் என் மச்சினனின் கெட்டிக்காரத்தனத்தைப் பெருமையடித்தேன்.

குமரேசன் என் மனைவியின் தம்பி. எங்கள் டையிங்கில் பெரிய சாஃப்ட்ஃப்ளோ மெஷினுக்கு அவன்தான் ஆபரேட்டர். படுக்கவைத்த பெரிய இரும்புத் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். துணியைக் கயிறு மாதிரி உள்ளே விட்டு, வட்டமான மூடியைச் சக்கரம் திருகி இறுக்கிவிடுவோம். பம்பு சாயத் தண்ணீரைச் சுற்றவிடும், ரீல் என்கிற உருளை துணியைச் சுற்றவிடும். பாலியஸ்டர் கலந்த துணி என்றால் கொதிநிலைக்கும் மேலே நூற்று முப்பது டிகிரி வரை போகவேண்டும், அதனால் உள்ளே பிரஷர் நிற்கும். எண்பதுக்குக் கீழே இறங்கிய பிறகே மூடியைத் தொடலாம். அந்தக் காலத்தில் மெஷினோடு வந்த பூட்டுப் பின் ஒன்று இருந்ததாம். திறக்கத் தாமதமாகிறது என்று யாரோ எப்போதோ வெட்டி எறிந்துவிட்டார்கள். பிரஷர் காட்டுகிற முள் மீட்டரும் செத்துப்போயிருந்தது. கம்ப்யூட்டர் திரையில் எண்பதுக்குக் கீழே எண் வந்தால் பச்சை விளக்கு எரியும். எரிந்தால் திறப்போம். அந்த விளக்கை நம்பித்தான் குமரேசனின் தலை இருந்தது.

பழைய கம்ப்யூட்டர் இருந்தவரை ஒரு பிரச்சினையும் இல்லை. கலர் மேட்சிங் புரோகிராம் மெதுவாக இருக்கிறது என்று முதலாளி இரண்டு பிராசசர் உள்ள புதிய கம்ப்யூட்டரை இறக்கினார். பழைய கார்டையும் பழைய டிரைவரையும் அதிலேயே மாட்டினார்கள். வக்கீலம்மாவைக் கூப்பிட்டால் வேலை நின்றுவிடும் என்பதால் கூப்பிடவில்லை. அப்புறம்தான் வந்தது வினை. மெஷின் ஓடும், திரையில் சூடு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். என்ன செய்தும் நகராது. குமரேசன்தான் கண்டுபிடித்தான், மவுஸை அசைத்தால் எண் ஓடுகிறது, விட்டால் நின்றுவிடுகிறது. ஆளுக்கு ஆள் மவுஸை ஆட்டிக்கொண்டிருந்தோம். எத்தனை நேரம் ஆட்டுவது? ஒரு நாள் அவன் நீள வயர் போட்டு, மவுஸைக் கொண்டுபோய் ரீல் மோட்டாரின் மூடி மேல் வைத்து, பனியன் வேஸ்ட் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டான். ரீல் ஓடினால் மோட்டார் அதிரும். மோட்டார் அதிர்ந்தால் மவுஸ் அதிரும். எண் ஜோராக ஓடியது. திரையில் அம்புக்குறி மட்டும் பேய் பிடித்த மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது, ஆடிவிட்டுப் போகட்டும் என்று கீபோர்டை வைத்தே வேலை பார்த்தோம். முதலாளி அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார். அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினோடும் மவுஸுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம்.

இதைத்தான் பேக்கரியில் சொன்னேன். அந்தம்மா கேட்டுக்கொண்டே வந்தவர், பாதி டீயைக் கீழே வைத்தார். முகம் செத்துப்போயிற்று.

"இப்ப மெஷின் ஓடுதா?"

"ஓடுதுங்க. காலைல லோடு போட்டாச்சு."

"வாங்க போவோம்."

போனபோது முதலாளியும் மெஷின் பக்கத்திலேயே நின்றிருந்தார். விளையாட்டு டீசர்ட்டுக்கான துணி, கருநீலம், கப்பலுக்கு நாள் நெருங்கிவிட்டது. முதல் தடவை நிறம் கொஞ்சம் வெளிறி வந்ததால், ஆறவிட்டு இன்னும் சாயம் சேர்த்து, மறுபடியும் சூடேற்றத் தொடங்கியிருந்தார்கள். அந்தம்மா மோட்டாரில் கட்டியிருந்த மவுஸைப் பார்த்தார். சந்தனப் பொட்டைப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன்.

"இத நிறுத்துங்க."

முதலாளி கையைக் கூப்பாத குறை. "அம்மிணி, பாதில நிறுத்துனா துணி பட்டை பட்டையா வந்துரும்ங்க. கப்பலு நமக்காக நிக்குமுங்களா? இந்த லோடு எறங்கட்டும், அப்பறம் நீங்க சொல்றாப்ல செஞ்சுக்கலாம். அதான் நல்லா ஓடுதுங்கள்ல?"

"நான் எழுதுன டிரைவரு. இது ஏன் ஓடுதுன்னு எனக்கே தெரியல. எனக்கே தெரியலன்னா ஓடக் கூடாது."

"ஓடறதைக் கண்டு யாராவது பயப்படுவாங்களா, அம்மிணி!"

குமரேசனுக்கு அவமானமாக இருந்திருக்கும்.  அந்தம்மா கம்ப்யூட்டர் இருந்த கேபினுக்குள் போய்த் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். நானும் பின்னாலேயே போனேன், இவர் பாட்டுக்கு எதையாவது அணைத்துவிடப் போகிறாரே என்ற பயம்தான். கறுப்புத் திரையில் வரிவரியாக ஓடவிட்டு ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"இந்தா இருக்கு பாருங்க. ஒரு கம்பில யாரோ தட்டிக்கிட்டே இருக்காவ, கேக்க ஆளில்ல, அதனால கம்பிய மூடிட்டேன்னு சிஸ்டமே எழுதிவச்சிருக்கு. யாரு பாத்திய இத?"

எனக்குப் புரியவில்லை என்று முகத்திலேயே தெரிந்திருக்கும். என் மேஜைக்குக் கூட்டிப்போய் ஒரு பழைய பில்லின் முதுகில் படம் போட்டார். முதலாளியும் வந்து நின்றார். அவர் சொன்னதை நான் புரிந்துகொண்ட வரைக்கும் சொல்கிறேன். கார்டில் புதிய எண் வந்தால் அது பிராசசரைத் தட்டி எழுப்ப வேண்டும். அந்தத் தட்டலுக்குப் பெயர் இன்டரப்ட். ஒரு பிராசசர் இருந்தபோது பாதையும் ஒன்று. இரண்டு வந்ததும், எந்தக் கம்பியில் வருகிற தட்டலை எங்கே அனுப்புவது என்று பிரித்துக் கொடுக்க நடுவில் ஒரு சில்லு உட்கார்ந்திருக்கிறது. எந்த இடத்தில் மாட்டிய கார்டு எந்தக் கம்பியில் தட்டும் என்ற அட்டவணையைப் போர்டு செய்தவன் உள்ளேயே எழுதி வைத்துவிடுகிறான். எங்கள் கார்டு இருந்த இடத்துக்கு அவன் தப்பாக எழுதிவிட்டான்.

"வீட்டுக்கு ரெண்டு வாசல்னு வச்சுக்கிடுங்க. நம்ம டிரைவரு முன்வாசல்ல காத்துக்கிட்டு இருக்கு. கார்டு பின்வாசல்ல தட்டுது. முன்வாசல்ல மவுஸுக்கும் பங்கு உண்டு. மவுஸு தட்டும்போதெல்லாம், ஒருவேளை நம்மளத்தானோன்னு டிரைவரு எந்திச்சுக் கார்டைப் போய்ப் பாக்கு. பாத்த எடத்துல புது எண்ணு இருக்கு, எடுத்துக்கிடுது. மவுஸு தட்டலன்னா?"

"தட்டாம எங்கீங்க போகுது? ரீல்ல கட்டியில்ல வெச்சிருக்குது!" என்றார் முதலாளி.

அந்த நேரத்தில்தான் ரீல் நின்றது.

நின்றது எங்களுக்குத் தெரியும். துணி உள்ளே சிக்கிக்கொண்டால் ரீல் மோட்டார் டிரிப் ஆகித் தானாக நின்றுவிடும், அது வாரத்துக்கு ஒருமுறையாவது நடக்கிற சங்கதி. பஸ்ஸர் அடித்தது. குமரேசன் ரீசெட் போட்டுப் பார்த்தான், ரீல் ஓடவில்லை. எலக்ட்ரீஷியன் பாய்லர் பக்கம் இருந்தார், அவரைக் கூப்பிட ஆள் போயிற்று. அவர் வந்து, மோட்டாரில் குறையில்லை, துணிதான் முடிச்சு விழுந்திருக்கிறது, மூடியைத் திறந்து கையால் எடுத்துவிட்டால்தான் ஆகும் என்றார். இத்தனையும் நடக்கிற வரைக்கும் அந்தம்மாவும் முதலாளியும் மேஜையை விட்டு நகராமல் வாதாடிக்கொண்டிருந்தார்கள். இவர் நிறுத்தச் சொல்கிறார், அவர் கப்பல் என்கிறார். பம்பு ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டீமும் போய்க்கொண்டிருந்தது. அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை, ஏனென்றால் திரையில் எண் எழுபத்தாறு. விளக்கு பச்சை. ரீல் நின்றதோடு சூடும் ஏறாமல் அங்கேயே நின்றுவிட்டது போல என்று குமரேசன் நினைத்தான். பச்சையைப் பார்த்துவிட்டு ஏணிப்படி ஏறினான்.

அந்தம்மா பேச்சை நடுவில் விட்டுவிட்டுக் கேபின் கண்ணாடி வழியே திரையைப் பார்த்தார். எனக்கு அங்கே விசேஷமாக ஒன்றும் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. அம்புக்குறி ஆடவில்லை.

குமரேசன் சக்கரத்தில் இரண்டு கையையும் வைத்திருந்தான்.

"ஏல! கைய எடுல!"

அந்தச் சத்தம் பம்பு ஓட்டத்தையும் மீறி ஷெட் முழுக்கக் கேட்டது. எங்கள் பக்கத்தில் பெற்ற தாய்கூட வளர்ந்த பையனை அப்படிக் கூப்பிட மாட்டாள். அதுவும் ஹெல்பர்கள் எல்லாம் நிற்கிற இடத்தில். குமரேசனுக்கு முகம் ரத்தமாகச் சிவந்தது. சக்கரத்தை விட்டுவிட்டு விருட்டென்று திரும்பினான்.

"யாரப் பாத்து ஏலங்கறீங்க? வந்ததுலருந்து பாக்கறேன், மருவாதையாப் பேசோணும்ங்க!" என்று இரண்டு படி இறங்கிவிட்டான்.

 அந்தம்மா நேரே ரீல் மோட்டாருக்கு ஓடி, பனியன் வேஸ்டைப் பிய்த்து எறிந்து, மவுஸைக் கையில் எடுத்து ஆட்டினார். ஆட்டிக்கொண்டே, "அண்ணாச்சி, எண்ணைப் படிங்க!" என்று கத்தினார்.

நான் திரையைப் பார்த்தேன். எழுபத்தாறு போய்விட்டது. அந்த இடத்தில் நூற்றுப் பதினெட்டு இருந்தது. படிக்க வாயைத் திறந்தேன். விளக்கு சிவப்பானதை எல்லோரும் பார்த்தார்கள், அதனால் நான் படிக்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. எலக்ட்ரீஷியன்தான் முதலில் சுதாரித்து ஸ்டீம் வால்வை மூட ஓடினார்.

குமரேசன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். இன்னும் ஒரு சுற்று, இரண்டு சுற்று சக்கரம் திரும்பியிருந்தால் அந்த மூடியும் கொதிக்கிற கருநீலமும் அவன் மேல் வந்திருக்கும். எனக்கு என் மனைவியின் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. முதலாளி சாய டிரம் மேல் உட்கார்ந்து "சாமி, சாமி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யாரோ வாசல் பிள்ளையாருக்குச் சூடம் ஏற்றப் போனார்கள். ஒரு ஹெல்பர் குமரேசனுக்குத் தண்ணீர் கொடுத்தான். எல்லோருக்கும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வருகிற நேரம் அது. அந்த நேரத்தில் அந்தம்மா அவன் முன்னால் போய் நின்று கேட்டார்:

"நீ ஏன் கைய எடுத்த?"

குமரேசன் விழித்தான். "நீங்கதானுங்க்கா கத்துனீங்க."

"நான் எடுன்னு சொன்னதுக்காக எடுத்தியா? எதோ ஆபத்துன்னு தோணிச்சா?"

அவன் யோசித்தான். பொய் சொல்லத் தெரியாத பையன். "இல்லீங்க்கா. ஏலன்னு சொல்லிப்போட்டீங்க. கோவம் வந்துருச்சு. உங்களத் திட்டறதுக்குத் திரும்புனனுங்க."

பிழைத்தவன் அவன். ஆனால் அதைக் கேட்டதும் வெளிறியது அந்தம்மாவின் முகம். "அப்பம் அடுத்த தடவ நீயா கைய நிறுத்த மாட்ட" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. ஒரு உயிர் தப்பியிருக்கிறது, அதை நினைத்து ஒரு நிமிஷம் மூச்சுவிடக் கூட இந்தம்மா விடமாட்டாரா? இன்றைக்கும் எனக்கு அந்தக் கேள்வி மேல் கொஞ்சம் கோபம் மிச்சம் இருக்கிறது.

மறுநாளிலிருந்து கம்ப்யூட்டரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கோயமுத்தூர் கடைக்காரன் போனில், இரண்டாவது பிராசசரை அணைத்துவிட்டு ஓட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்றான். அணைத்துப் பார்த்தோம், சரியாகத்தான் ஓடியது. "இது மருந்தில்ல, போர்வை. காய்ச்சல்காரன இழுத்து மூடிப் படுக்கப்போட்டா காய்ச்சல் போயிருமா?" என்று மறுபடியும் இரண்டையும் எழுப்பினார். டிரைவரைத் திருத்தி எழுதினார். போர்டுக்காரன் எழுதிவைத்த அட்டவணையை இனிமேல் அது அப்படியே நம்பாது. கம்ப்யூட்டரை எழுப்பும்போதே கார்டை ஒருமுறை தட்டச் சொல்லி, எந்தக் கம்பியில் வருகிறதென்று தானே கேட்டுப் பார்த்து, அந்த வாசலில் போய் நிற்கும். தட்டல் இரண்டு பிராசசருக்கும் மாறி மாறிப் போகாமல் ஒன்றுக்கே போகும். இன்னொன்றும் செய்தார். புதிய எண் வராவிட்டால் பழைய எண்ணைக் காட்டிக்கொண்டு நிற்காது, திரை வெறுமையாகிவிடும், விளக்கும் சிவப்பாகிவிடும். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும். நேத்திக்குத் தெரிஞ்சத இன்னைக்குத் தெரிஞ்ச மாதிரிச் சொல்லப்படாது" என்றார். மவுஸைப் பிடுங்கிவிட்டு ஓட்டிக் காட்டினார். எண் தண்ணீராக ஓடியது.

அத்தோடு விட்டிருந்தால் எங்கள் கண்ணுக்குத் தெய்வமாகியிருப்பார். விடவில்லை. மூடிக்குப் பழையபடி பின் வைக்கவேண்டும் என்றார். உள்ளே பிரஷர் இருக்கிறவரை அந்தப் பிரஷரே பின்னைத் தள்ளிப் பிடித்துக்கொள்ளும், சக்கரம் திரும்பாது. கம்ப்யூட்டரும் வேண்டாம், கரண்டும் வேண்டாம்.

"அதான் நீங்க சரி பண்ணிப்போட்டீங்களே அம்மிணி, அப்பறம் பின்னு எதுக்குங்க?" என்றார் முதலாளி.

"நான் எழுதுனதுல தப்பு வராதா?"

"நீங்க எழுதுனா வராதுங்க."

"போன தடவையும் நான்தான் எழுதுனேன்."

ஓட்டிக் காட்டியதோடு சரி, பின் வந்து பொருத்திய பிறகுதான் திருத்திய டிரைவரை மெஷினில் நிரந்தரமாக ஏற்றுவேன் என்று சொல்லிவிட்டார். முதலாளி கெஞ்சினார், கோபித்தார், வேறு ஆளைப் பார்ப்பேன் என்றார். அந்தம்மா பாட்டுக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கருநீலத் துணியைப் பக்கத்து டையிங்கில் கூலிக்குப் போட்டு, கப்பல் போகிற நாளுக்குத் தொண்டைக் குழியில் உயிரை வைத்துக்கொண்டு அனுப்பினோம். அந்த அலைச்சல் முழுக்க என்னுடையது. நானும் அவரிடம் சத்தம் போட்டேன். "குமரேசனுக்குத்தான் புத்தி வந்துருச்சுங்களேம்மா! இனி அவன் சும்மா தொறப்பானுங்களா?"

"பயம் வந்துருக்கு அண்ணாச்சி. பயம் கொஞ்ச நாள்ல போயிரும்."

பட்டறையில் பின் கடைந்து வந்தது. தொட்டிக்குள் காற்றை ஏற்றச் சொல்லி, குமரேசனையே கூப்பிட்டுச் சக்கரத்தைத் திருகச் சொன்னார். முழுப் பலத்தையும் போட்டுத் திருகினான், அசையவில்லை. காற்றை இறக்கினதும் திரும்பியது. "ஏன் திரும்பலன்னு இப்ப ஒனக்குத் தெரியும்லா?" என்று கேட்டார். "தெரியுமுங்க்கா" என்றான். அன்றைக்குத்தான் டிரைவரை ஏற்றினார். ஸ்கூட்டரில் ஏறிப் போகும்போது முதலாளி வெளியே வரவில்லை. குமரேசன் மட்டும் கேட் வரைக்கும் போய், "என்னைய ஏலன்னே கூப்புடுங்க்கா, பரவால்லீங்க" என்று சொன்னானாம்.

கொஞ்ச காலத்தில் அவர் நல்லூர் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். எங்கே என்று தெரியாது. மெஷின் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஓட ஓட, அவர் சொன்ன மாதிரியே பயமும் போயிற்று. பின் இருப்பதே மறந்துபோய், லோடு இறக்கும்போது அதில் கைதுடைக்கிற துணியைத் தொங்கவிடுவான் குமரேசன்.

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம். திரையில் எழுபத்திரண்டு. விளக்கு பச்சை. எண் நின்றுவிடவுமில்லை, கண் எதிரில் மெல்ல இறங்கிக்கொண்டுதான் இருந்தது. குமரேசன் படியேறிச் சக்கரத்தைத் திருகினான். திரும்பவில்லை. மறுபடியும் திருகினான்.

"இந்த வக்கீலம்மா பின்னு துருப்புடிச்சுப் போச்சுங் மச்சான். ஒரு சுத்தியல் குடுங்க, ரெண்டு போடு போட்டாக் கழண்டுரும்."

நான்தான் சுத்தியலை எடுத்துக் கொடுத்தேன். விளக்கு பச்சைதானே. வாங்கி, பின்னைக் குறிவைத்து ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே மேலே நின்றது. இறக்கினான். சுத்தியலைப் படியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"மச்சான், இது ஏன் திரும்ப மாட்டீங்குது?"

 அவன் கீழே இறங்கி, தொட்டியின் பின்பக்கம் இருந்த சின்னக் காற்றுக் குழாயைக் கொஞ்சம் திறந்தான். வெள்ளையாக ஆவி சீறிக்கொண்டு வந்தது, ஷெட்டின் தகரம் அதிர்ந்தது. பிறகுதான் தெரிந்தது, சூட்டை அளக்கிற சென்சாருக்குள் தண்ணீர் இறங்கி, அது உளறிக்கொண்டிருந்திருக்கிறது. கார்டு அந்த உளறலை ஒழுங்காக வாங்கி, டிரைவர் ஒழுங்காகக் கொண்டுபோய், திரை ஒழுங்காகக் காட்டியிருக்கிறது. ஆவி அடங்க வெகுநேரம் ஆயிற்று. 

அந்தம்மா அப்போது அங்கே இல்லை. இருந்திருந்தால் அவன் முன்னால் வந்து நின்று, நீ ஏன் கைய நிறுத்துன என்றுதான் கேட்டிருப்பார். இந்த முறை அவனிடம் பதில் இருந்தது.